ஓடுபாதைக்கு அடியில் ஓர் ஊர்

யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்கும் பலாலிக்கும் லண்டனில் ஒன்றுகூடல் வைக்கிறோம், மலர் போடுகிறோம். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பிய கதையையும், பலாலி விமான நிலையத்தைச் சுற்றிய உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன காணிகளின் கதையையும் வருடம் தவறாமல் எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒன்றுகூடல் நடக்கும் மண்டபம் எந்த மண்ணில் நிற்கிறது என்று நாம் கேட்டதேயில்லை.

ஹரோ, வெம்பிளி, ஈலிங், ஹேய்ஸ் எல்லாம் மிடில்செக்ஸ் என்ற பழைய கவுண்டியின் ஊர்கள். 1965 ஏப்ரல் 1இல் அதன் நிர்வாகம் கலைக்கப்பட்டு, பெரும்பகுதி பெருநகர லண்டனுக்குள் போனது. தபால்துறை மட்டும் 1996 வரை அந்தப் பெயரைக் கைவிடவில்லை. ஊருக்குப் போட்ட கடிதங்களின் பின்புறத்தில் நாமும் அதை எழுதினோம். மற்றபடி நமக்கு மிடில்செக்ஸ் என்றால் லார்ட்ஸ் மைதானத்தில் ஆடும் கிரிக்கெட் அணி, அவ்வளவுதான்.

ஹீத்ரோவையே எடுத்துக்கொள்வோம். நம்மில் பலர் இந்த நாட்டில் முதலில் கால் வைத்த இடம். இரவு வேலை பார்த்த இடம். 1944 வரை அங்கே ஹீத் ரோ என்ற சிற்றூர் இருந்தது. நல்ல வண்டல் மண். லண்டன் சந்தைக்கு மரக்கறியும் பழமும் அங்கிருந்து போயின. விமானப் படைக்கு அவசரமாகத் தேவை என்று போர்க்காலச் சட்டத்தைக் காட்டி, பொது விசாரணை எதுவுமின்றிக் காணிகளை எடுத்து வீடுகளை இடித்தார்கள். அப்போது விமானத்துறைத் துணை அமைச்சராக இருந்த ஹரோல்ட் பல்ஃபர், 1973இல் வெளியான தன் நினைவு நூலில் உண்மையைச் சொன்னார்: மனத்தில் இருந்தது போருக்குப் பிந்திய பயணிகள் விமான நிலையம், படையின் பெயர் வெறும் சாட்டு. இந்தக் கதை நம்மைவிட வேறு யாருக்கு விளங்கும்? நாம்தான் கேட்டு வைக்கவில்லை.

அதே மண்ணில் 1784இல் ஜெனரல் வில்லியம் ராய் ஹாம்ப்டன் வரை ஐந்து மைல் நீளத்துக்கு, நில அளவைக்கு அடிப்படையாகும் ஓர் அடிக்கோடு அளந்தார். பிரித்தானிய நில அளவை அதிலிருந்து வளர்ந்தது. 1802இல் இந்திய நில அளவைக்காகச் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி அளந்த கோடும் அந்த முறையின் வழிவந்ததே. கோட்டின் முனையைக் காட்ட நட்ட பீரங்கி விமான நிலையத்தின் வடக்கு எல்லைச் சாலையோரம் இருக்கிறது. வேலைக்குப் போகிற அவசரத்தில் அதை யார் பார்ப்பது!

வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகளின் டியூஷன் என்று சாட்டுச் சொல்ல நமக்கும் தெரியும். அசல் காரணம் வேறு. என்றோ திரும்பிப் போகப்போகிறோம் என்ற நினைப்பில் இங்கே வாடகைக்கு இருப்பவர்கள் போலவே நாற்பது வருடத்தை ஓட்டிவிட்டோம். பேரப்பிள்ளைகள் இங்கே பிறந்த பிறகும் அந்த நினைப்பு போகவில்லை.

ஹீத்ரோவுக்கு மூன்றாவது ஓடுபாதை வந்தால் பக்கத்து ஹார்மண்ட்ஸ்வொர்த்தில் பெரும்பாலான வீடுகள் இடிபடும். 1420களில் கருவாலி மரத்தால் கட்டிய, ஏறத்தாழ 58 மீட்டர் நீளமான தானியக் களஞ்சியம் நிற்கும் ஊர் அது. அந்த மக்கள் இருபது வருடத்துக்கு மேலாகக் கூட்டம் போட்டு எதிர்க்கிறார்கள். அந்தக் கூட்டங்களில் எத்தனைக்கு நமது ஊர்ச் சங்கங்கள் போயின? அடுத்ததற்காவது வலிகாமம் வடக்குக்காரர் நாலு பேர் போய் இருங்கள். என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டாம். உங்கள் ஊருக்கு நடந்ததைச் சொன்னாலே போதும்.