அனுமதி கொடுத்ததோடு வேலை முடிந்துவிடாது

பெரம்பலூர் பக்கம் விதைக்கடை நடத்துகிறேன். மரபணுப் பயிர் ஆபத்தா, வரமா என்று யாராவது கேட்டால், எனக்கு 120 கிராம் பொட்டலம் ஒன்றுதான் நினைவுக்கு வரும்.

காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே உண்டாக்கும்படி மரபணு மாற்றிய பிடி (Bt) பருத்தி விதை 450 கிராமோடு, பிடி அல்லாத சாதாரண விதையை அந்தச் சின்னப் பொட்டலத்தில் தனியாகத் தந்தார்கள். அதை வயலைச் சுற்றிலும் விதைக்க வேண்டும். அந்தச் செடிகளில் வளரும் புழுக்கள் அந்துப்பூச்சிகளாகி, பிடி நஞ்சைத் தாங்கிப் பிழைத்தவற்றோடு இணைசேர்ந்தால்தான் எதிர்ப்புச் சக்தி பெருகுவது தள்ளிப்போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு ஏக்கர்க்காரர் தன் ஓரத்துச் செடிகளைப் புழுவுக்கு விட்டுக்கொடுப்பாரா? "இத வெச்சு நான் என்னண்ணே பண்றது?" என்று கடை வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். விதைத்தார்களா என்று வயலில் வந்து பார்த்த அதிகாரி எவரையும் நான் கண்டதில்லை.

2002இல் பிடி பருத்திக்கு அனுமதி கிடைத்த புதிதில் மருந்துச் செலவு குறைந்தது உண்மை. 2009இலேயே குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பிடி நஞ்சுக்குப் பழகிவிட்டது. இரண்டு மரபணு வைத்த அடுத்த ரகத்தையும் பிறகு வென்றது. இன்று வெளியே பளபளக்கும் காயைப் பிளந்தால் பஞ்சில் பழுப்புக் கறை, விதைக்குள் புழு.

2025 மே மாதம் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை மத்திய அரசு அறிவித்தது. அவற்றில் ஒன்று உவரைத் தாங்கும் என்கிறார்கள். நாகப்பட்டினம் கடலோர விவசாயிக்கு அது பெரிய காரியம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. வேற்று மரபணு சேராத இத்தகைய பயிர்களுக்கு, பிடி பருத்தி கடந்துவந்த அனுமதிக் கட்டங்கள் தேவையில்லை என்று 2022இலேயே விலக்கு தந்துவிட்டார்கள். விலக்குக்குக் காரணம் இருக்கலாம். வயலைக் கண்காணிக்காமல் விடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

பிடி கத்தரியை 2010இல் நிறுத்திவைக்குமுன் அன்றைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களிடம் கருத்துக் கேட்டார். இந்த நெல்லுக்கும் அப்படிக் கேளுங்கள். சோதனை முடிவுகளைத் தமிழில் வெளியிடுங்கள். விதைத்த பிறகு ஆண்டுதோறும் வயலுக்கு வந்து பார்ப்பது யார், பாதிப்பு வந்தால் இழப்பீடு தருவது யார் என்பதை விதை கடைக்கு வருமுன் எழுத்தில் சொல்லுங்கள்.