ஸ்பிரிங்கை வெட்டினால் கார் தாழும், செலவு தாழுமா?

புதுக்கடை என்றதும் கொழும்புத் தமிழர்களின் நினைவுக்கு வருவன நீதிமன்றங்களும் கறுப்புக் கோட்டுகளும்தான். சிங்களத்தில் அலுத்கடே, பொருள் ஒன்றே. ஆங்கிலத்திலோ 1656 ஆம் ஆண்டு கொழும்பு முற்றுகையில் மாண்ட ஒல்லாந்துத் தளபதி ஹல்ஃப்டின் பெயரால் அவ்விடம் ஹல்ஸ்டோர்ப் ஆனது. வழக்குச் செய்திகளுக்காகப் பல்லாண்டுகள் அங்கே அலைந்தவன் நான். தீர்ப்புத் தாமதமாகும் நாட்களில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு, அருகிலிருக்கும் பஞ்சிகாவத்தைப் பக்கம் காலாற நடப்பேன். வாகன உதிரிப்பாகங்களுக்கு இலங்கை முழுவதிலும் பெயர்பெற்ற இடம் அது.

அண்மையில் அதே பஞ்சிகாவத்தைக்கு வேறொரு காரணத்துக்காகப் போகவேண்டி வந்தது. வெள்ளவத்தையில் வசிக்கும் என் தங்கையின் மகன் கையிருப்பையெல்லாம் திரட்டி, மீதியை லீசிங்கில் எடுத்து, ஒரு பழைய டொயோட்டா கொரோலாவை வாங்கியிருந்தான். 1990களின் இறுதியில் தயாரான கார். அது பழையதாக இருந்ததற்கு அவனைக் குறைசொல்ல இயலாது. தனியார் கார்களின் இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளில் இருபது வயதைக் கடந்த கார்களுக்குக்கூட எட்டாத விலை ஏறியதை இந்நாட்டில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். புதிய கார் வாங்க முடியாத இளைஞன், பழைய காரைத் தன்னுடையதாக்கிக்கொள்ள ஆசைப்படுவது இயல்புதானே?

"மாமா, கார் கொஞ்சம் பதிஞ்சு நிண்டால்தான் வடிவு" என்றான் ஒருநாள். அடுத்த முறை நான் பார்த்தபோது கார் பதிந்தே நின்றது. எப்படி என்று கேட்டேன். தெரிந்த கராஜ் ஒன்றில் நான்கு ஸ்பிரிங்குகளிலும் ஒன்றரைச் சுற்று வீதம் கிரைண்டரால் வெட்டிக் கொடுத்தார்களாம். புதிய ஸ்பிரிங் வாங்கும் செலவில் சிறு பங்குதான் முடிந்ததாம். அவன் முகத்தில் பெருமிதம்.

அடுத்த சில மாதங்களில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொடர்மாடியின் நிலக்கீழ்த் தரிப்பிடச் சரிவில் இறங்கும்போதெல்லாம் காரின் வயிறு உரசியது. வேகத்தடைகளைக் கடக்கும்போது பின்னிருக்கையில் இருந்த என் தங்கைக்கு இடுப்பு அதிர்ந்தது. மழை வெள்ளம் தேங்கும் ஒழுங்கைகளில் மற்றவர்கள் மெதுவாகக் கடந்துபோக, இவன் காரைத் திருப்பிக்கொண்டு வந்தான். இவை பொறுத்துக்கொள்ளக்கூடிய தொல்லைகள். பொறுக்க முடியாதது வேறொன்று. ஐந்து பேரும் பொதிகளுமாக யாழ்ப்பாணம் புறப்படவிருந்ததற்கு முதல் நாள், காற்றடிக்கப் போன இடத்தில் ஒருவர் டயரின் உட்புற விளிம்பைக் கையால் தடவிப் பார்த்திருக்கிறார். இறப்பர் தேய்ந்து உள்ளேயிருந்த இழை வெளியே தெரிந்தது. வெளிப்பக்கம் பார்த்தால் டயர் புதிது போலிருந்தது! ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் நெடுஞ்சாலை. மீதியை நான் எழுதவேண்டியதில்லை.

மறுநாள்தான் நானும் அவனும் பஞ்சிகாவத்தைக்குப் போனோம். நாற்பது வருடங்களாகத் தொழில் செய்யும் ஒரு நானா காரின் கீழே குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, வெட்டினவருக்குப் பத்து நிமிஷ வேலை. உள்ளுக்கு இருந்து போறவங்களுக்குத்தான் காலம் முழுக்க வேலை."

இதன் தொழில்நுட்பம் கடினமானதன்று. ஒரு சுருள் ஸ்பிரிங்கில் எத்தனை சுற்றுகள் இயங்குகின்றனவோ அதற்கு நேர்மாறாக அதன் விறைப்பு அமைகிறது. ஆறு சுற்றுகளில் ஒன்றரையை வெட்டினால் எஞ்சுவது நாலரை. விறைப்போ மூன்றிலொரு பங்கு கூடிவிடுகிறது. அதேவேளை, சக்கரம் மேலெழ இருந்த இடம் குறைந்துவிடுகிறது. அந்த இடம் எட்டு சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். காரை ஐந்து சென்ரிமீற்றர் தாழ்த்தினால் எஞ்சுவது மூன்று. ஐந்து பேர் ஏறியதும் அதிலும் பெரும்பகுதி போய்விடும். பிறகு குழியில் விழும் ஒவ்வொரு தடவையும் அடியைத் தாங்குவது ஸ்பிரிங் அல்ல. இறப்பர்த் தடுப்பும் காரின் உடலும் பயணிகளின் முதுகெலும்பும்தான். பழைய ஸ்பிரிங்குக்கென வடிவமைக்கப்பட்ட ஷொக் அப்சோர்பரால் புதிய விறைப்பின் துள்ளலை அடக்கவும் முடியாது. துள்ளும் சக்கரத்துக்கு வீதியில் பிடிப்புக் குறைவு. பிரேக் பிடித்தால் கார் நிற்கும் தூரம் அதிகம்.

டயர் தேய்ந்ததன் காரணமும் இதுவே. கார் தாழும்போது சக்கரங்களின் மேற்பகுதி உட்புறம் சாய்கிறது. அவை நோக்கும் திசையும் சற்று மாறிவிடுகிறது. சீர்செய்யாவிட்டால் உள்விளிம்பு மட்டும் வீதியில் தேய்ந்துகொண்டே போகும். வெட்டப்பட்ட முனை தன் இருப்பிடத்தில் ஒழுங்காகப் பொருந்தாது. சக்கரம் தொங்கும் நிலையில் ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறவும் கூடும். சிலர் வெட்டுவதற்குப் பதிலாக நெருப்பால் சூடாக்கிப் பதியவைக்கிறார்கள். அது இன்னும் மோசம். பதப்படுத்தப்பட்ட உருக்கின் பதமே அதனால் கெட்டுவிடுகிறது.

இளைஞர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள். தாழ்ந்த காரின் ஈர்ப்பு மையமும் தாழ்கிறது. வளைவுகளில் அது நிதானமாகத் திரும்புகிறது. உண்மைதான். நுவரெலியாவின் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியில் ஓடும் கார்களைப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள். ஆனால் அந்தக் காரில் சாரதி மட்டுமே இருக்கிறார். வீதி மூடப்பட்டிருக்கிறது. ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகத் தெரிவுசெய்யப்பட்டிருக்கின்றன. அம்மாவையும் குழந்தைகளையும் ஏற்றிச்செல்லும் குடும்பக் காருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

அப்படியானால் பணமில்லாதவன் ஆசைப்படவே கூடாதா என்று கேட்பீர்கள். அது என் கருத்தல்ல. குறைந்த செலவில் செய்ய விரும்புவோர் வரிசையை மாற்றாமல் செய்யவேண்டும் என்பதே நான் சொல்வது. முதற் காசு ஷொக் அப்சோர்பர், புஷ், போல் ஜொயின்ட் ஆகியவற்றுக்குப் போகட்டும். இருபது வயதுக் காரில் அவை ஏற்கெனவே களைத்திருக்கும். இரண்டாவது, அந்தக் காருக்கென்றே தயாரிக்கப்பட்ட தாழ்த்தும் ஸ்பிரிங்குகள். மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம். மூன்றாவது, பொருத்திய அன்றே வீல் எலைன்மென்ட். கூடவே முன்விளக்குகளின் உயரத்தையும் சரிபார்க்க வேண்டும். இம்மூன்றுக்கும் சேர்த்துப் பணம் இல்லையென்றால் அது சேரும்வரை பொறுத்திருப்பதே சிக்கனம். அதுவரை நான்கு நல்ல டயர்களும் மெழுகிட்டுத் துடைத்த உடலும் எந்தக் காரையும் வடிவாக்கும்.

இங்கே அரசாங்கத்திடமும் ஒரு கேள்வி இருக்கிறது. 2008 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் புகைப் பரிசோதனை நடைமுறையில் உள்ளது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. பஸ்களுக்கும் லொறிகளுக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். தனியார் காரின் புகை மட்டுமே ஆண்டுதோறும் அளக்கப்படுகிறது; அதன் ஸ்பிரிங்கையும் டயரின் உட்புறத்தையும் குனிந்து பார்ப்பதற்கு எவரும் இல்லை. 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தின் கீழ் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் இருந்த மேலதிக அலங்காரப் பொருட்களைக் கழற்றுவதற்குப் பொலிஸார் முனைந்தபோது பெரும் வாதப் பிரதிவாதம் எழுந்தது. கண்ணுக்குத் தெரியும் அலங்காரத்தைக் கழற்றச் சொல்வது எளிது. கண்ணுக்குத் தெரியாத வெட்டை யார் பார்ப்பது?

லண்டனில் வாழும் வாசகர்களுக்கு இது விளங்கும். அங்கே மூன்று வயதைக் கடந்த கார் ஒவ்வோராண்டும் பரிசோதனைக்குப் போகவேண்டும். ஸ்பிரிங்கும் டயரும் அதில் அடங்கும். ஜெர்மனியில் தாழ்த்தும் ஸ்பிரிங் பொருத்துவோர் அனுமதி பெற்ற பாகங்களையே பொருத்தி, அதைப் பரிசோதகரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளவேண்டும். தடை விதித்தால் வேலை மறைவிடக் கராஜுக்குப் போகும்; பரிசோதித்து ஒப்புதல் அளித்தால் வெளிச்சத்துக்கு வரும். புகை பார்க்கும் நிலையத்திலேயே காரை உயர்த்தி, கட்டணம் கட்டுப்படியாகும் வகையில், ஐந்து நிமிடம் அடிப்பாகத்தையும் பார்க்க ஒழுங்கு செய்வது இந்நாட்டுக்கு இயலாத காரியமா?

'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்பது நம் முதியோர் வாக்கு. அச்சாணி வெளியே தெரிவதில்லை. தேரின் அழகைப் பார்ப்பவர்கள் அதைப் பார்ப்பதுமில்லை.

மருமகன் கதையை முடித்துவிடுகிறேன். நானா தேடிக்கொடுத்த, வெட்டுப்படாத பழைய ஸ்பிரிங்குகள் நான்கும், புதிய டயர்கள் இரண்டும், எலைன்மென்ட்டும் சேர்ந்து அவன் மிச்சம்பிடித்ததைப் போல் பல மடங்கை விழுங்கின. யாழ்ப்பாணப் பயணம் ஒரு வாரம் தள்ளிப்போனது. கார் இப்போது பழைய உயரத்தில் நிற்கிறது. அவனுக்கு அதில் இன்னும் சற்று வருத்தம்தான். ஆனால் வவுனியாவைத் தாண்டியதும் அம்மா பின்னிருக்கையில் நித்திரையாகிவிட்டார் என்று அவனே தொலைபேசியில் சொன்னான்.