அந்தச் சனிக்கிழமையை ஏன் கதைக்கிறேல்ல?

1939 செப்டம்பர் 1 எங்களுக்குப் பாடம். ஓ.எல். வரலாற்றில் ஜேர்மனி போலந்துக்குள் புகுந்த நாள் என்று எழுதினால் புள்ளி விழும். கொஞ்சம் தேடி வாசித்தவர்களுக்கு வியெலுன் என்ற சிறு நகரமும் தெரியும். விடியப்புறம் சனம் நித்திரையில் இருக்கும்போதே குண்டு விழுந்த ஊர். முதலில் அடிவாங்கிய கட்டடங்களில் ஆஸ்பத்திரியும் ஒன்று. 80 வருடம் கழித்து, 2019 செப்டம்பர் 1 அன்று, ஜேர்மன் ஜனாதிபதி ஸ்டைன்மயர் அந்த ஊருக்கே போய் மன்னிப்புக் கேட்டார்.

சரி, 1987 ஒக்டோபர் 10?

வெள்ளவத்தையில் எங்கள் வயதுக்காரரிடம் கேட்டுப் பாருங்கோ. 1987 என்றால் ராஜீவ் காந்தி மேல் துவக்குப்பிடி விழுந்த வீடியோதான் ஞாபகம் வரும். அந்த ஒக்டோபர் சனிக்கிழமை இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணத்தில் 'ஒப்பரேஷன் பவன்' தொடங்கியது. எடுத்த எடுப்பிலேயே ஈழமுரசு, முரசொலி அச்சகங்களை வெடிவைத்துத் தகர்த்தது. பேப்பரை முடிச்சாச்சு, இனி நடக்கிறதை ஆர் எழுதுறது? பிறகு ஊரடங்கு, கோட்டையிலிருந்து ஷெல், நல்லூர்க் கோயிலுக்குள் அடைந்துகிடந்த சனம். பதினொரு நாளில் தீபாவளி. அன்றும் மறுநாளும் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் வைத்தியர், தாதியர், நோயாளர் என்று 60 பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பத்துக் கிழமைக்கு முன்னம் அதே சனம் மாலை போட்டு வரவேற்ற படை அது.

'அது படையெடுப்பு இல்லை, ஒப்பந்தத்தோட வந்தவை' என்று திருத்த வருகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மைதான், இந்தியாவை நாங்கள் ஹிட்லர் ஆக்கவில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தது ராஜீவும் ஜே.ஆரும். ஷெல் விழுந்த வீட்டுக்காரரிடம் ஒருத்தரும் கையெழுத்துக் கேட்கவில்லை. புலிகள் சனத்துக்குள் நின்று சுட்டதையும், அதற்குச் சில நாள் முன்னம் கிழக்கில் சிங்களச் சனத்தைக் கொன்றதையும் சேர்த்தே சொல்லவேணும். சொல்லுவம். அதற்காக அந்த நாளையே விழுங்க ஏலாது.

ஆனால் விழுங்கித்தான் இருக்கிறோம். 83 வெள்ளவத்தை ரோட்டிலேயே நடந்தது, அதனால் அது எங்கட கதை. 2009ஐ ஃபோனில் பார்த்தோம். நடுவில் இருக்கிற 'இந்தியன் ஆமிக் காலம்' மட்டும் அம்மாமாரின் வாயில் அரை வசனத்தோடு நின்றுவிடுகிறது. படம், கல்யாணச் சாறி, ஐபிஎல் எல்லாம் அங்கயிருந்து வருகுது. எங்கட அரசியல்வாதிகளும் எதுக்கெடுத்தாலும் டில்லிக்குத்தான் ஓடுகினம். பிறகு எப்பிடிக் கதைக்கிறது?

கோட்டேயில் ஏறத்தாழ 1,200 இந்தியச் சிப்பாய்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. அவர்களும் ஆரோ பெத்த பிள்ளைகள், அதில் எங்களுக்குக் கோபமில்லை. மோடி 2015இலும் 2025இலும் அங்கே மலர்வளையம் வைத்தார். 2015இல் யாழ்ப்பாணத்துக்கும் போய்க் கலாசார நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார். அங்கிருந்து ஆஸ்பத்திரி நடை தூரம். ஆஸ்பத்திரிச் சனத்திடம் இந்தியப் பிரதமர் எவரும் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. நாங்களும் கேட்கச் சொல்லிக் கேட்கவில்லை.

'முறிந்த பனை' தமிழிலேயே இருக்கிறது, வாசிக்கலாம். அதை எழுதிய நால்வரில் ஒருவரான ராஜனி திராணகம 1989இல் சுட்டுக் கொல்லப்பட்டார். புத்தகத்துக்கு வெளியே உள்ளது வெள்ளவத்தை ஃபிளாட்களிலும் கொட்டாஞ்சேனை வீடுகளிலும் இருக்கிறது. 87இல் பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது ஐம்பது வரப்போகிறது. 2026இல் ஒக்டோபர் 10 திரும்பவும் சனிக்கிழமையில் வருகிறது. அதுக்கு முதல் கேளுங்கோ: அண்டைக்கு எங்க நிண்டனியள், ஆரோட ஓடினனியள், ஆர் திரும்பி வரேல்ல.