மண்டையோடும் மசோதாவும்

அமெரிக்கச் செய்திகளைத் தமிழாக்குகிறவர்களைத் தடுமாற வைக்கும் சொற்களில் ஒன்று 'ஃப்ரட்டர்னிட்டி'. நமது அரசியல் சட்டத்தின் முகப்புரையில் சுதந்திரம், சமத்துவம் ஆகியவற்றை அடுத்து வருவதும் இதே சொல்தான். அங்கே சகோதரத்துவம் என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த வரிக்குப் போகலாம். ஆனால் செனட்டர் ஒருவர் கல்லூரி நாட்களில் ஃப்ரட்டர்னிட்டித் தலைவராக இருந்தார் என்று வாஷிங்டனிலிருந்து செய்தி வரும்போது 'சகோதரத்துவ சங்கம்' என்று போட்டால், மனிதர் ஏதோ தேவாலயத் தொண்டு அமைப்பில் இருந்தார் என்றுதான் வாசகர் நினைப்பார். 'மாணவர் சங்கம்' என்றாலும் சரிவராது. நம் ஊர் மாணவர் சங்கத்துக்குப் பின்னால் ஒரு கட்சி இருக்கும், கொடி இருக்கும், ஸ்டிரைக் இருக்கும். இது வேறு சமாச்சாரம்.

கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட இந்தச் சங்கங்களில் பலவற்றுக்குக் கல்லூரி வளாகத்திலோ அருகிலோ சொந்த வீடு உண்டு. யாரைச் சேர்ப்பது என்று ஏற்கனவே உள்ளே இருப்பவர்கள்தான் முடிவு செய்வார்கள். சேர்வதற்குச் சடங்குகள், சில இடங்களில் அடி உதை. சேர்ந்துவிட்டால் ஆயுள் முழுக்க உறுப்பினர். ஐம்பது வயதில், முன்பின் பார்த்திராத ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து உரிமையோடு உதவி கேட்கலாம். பெண்களுக்குத் தனியாக 'சொராரிட்டி'கள். சாதிச் சங்கம், விடுதி நட்பு, பழைய மாணவர் மன்றம் மூன்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கினால் ஓரளவு நெருங்கி வரலாம்.

இப்படிப்பட்ட இடங்களிலிருந்து அரசியலுக்கு வருகிறவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதாமல் இல்லை. எதை எழுதுகின்றன என்பதில்தான் எனக்குப் புகார்.

2004 அமெரிக்க அதிபர் தேர்தலை எடுத்துக்கொள்வோம். குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ், ஜனநாயகக் கட்சியின் ஜான் கெர்ரி இருவருமே யேல் பல்கலைக்கழகத்தின் 'ஸ்கல் அண்ட் போன்ஸ்' சங்கத்து ஆட்கள். கெர்ரி 1966, புஷ் 1968. கண்டிப்பாகச் சொன்னால் இது ஃப்ரட்டர்னிட்டி அல்ல. இறுதியாண்டு மாணவர்களில் ஆண்டுக்கு 15 பேரை மட்டும் சேர்த்துக்கொள்ளும் ரகசியச் சங்கம். 1832-ல் தொடங்கியது. கூடும் இடத்துக்குப் பெயரே 'கல்லறை'. என்பிசி தொலைக்காட்சியின் டிம் ரஸ்ஸர்ட் இரு வேட்பாளர்களிடமும் தனித்தனியே இதுபற்றிக் கேட்டார். அது ரகசியம் என்று இருவரும் சிரித்து மழுப்பினார்கள். பேட்டி அடுத்த கேள்விக்கு நகர்ந்துவிட்டது. அதற்கு முன்பே, 2001-ல், இரவில் படம்பிடிக்கும் கேமராவை வைத்து அந்தச் சங்கத்தின் சடங்கைப் படமெடுக்க வைத்து நியூயார்க் அப்சர்வர் வார இதழில் செய்தி வந்திருந்தது. மண்டையோடு, எலும்பு, இருட்டில் கூச்சல். வாசகர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

ஆனால் 2003-ல் புஷ் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையத்தின் தலைவராக அமர்த்திய வில்லியம் டொனால்ட்சனும் அதே சங்கத்தவர் என்ற தகவல், செய்திகளில் ஒரு வரித் துணுக்காகவே வந்து போனது. டொனால்ட்சன் தகுதியற்றவர் அல்ல. நியூயார்க் பங்குச் சந்தையின் தலைவராகவே இருந்தவர். தகுதியுள்ள பலரில் ஒருவர் பெயர் எப்படி மேலே வருகிறது என்ற கேள்வியைக் கேட்டிருக்கலாம். மண்டையோட்டைப் பற்றி எழுதுவதைவிட அது கடினமான வேலை.

பத்திரிகைக்காரர்கள் வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள் மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1923-ல் 'டைம்' வார இதழைத் தொடங்கிய ஹென்றி லூஸ், பிரிட்டன் ஹேடன் இருவரும் ஸ்கல் அண்ட் போன்ஸ்காரர்கள்தான். (நமக்கும் இது புதிதல்ல. ராஜீவ் காந்தியைச் சுற்றியிருந்த டூன் பள்ளிக் கூட்டத்தைப் பற்றி 80-களில் எழுதித் தள்ளிய தில்லி ஆங்கிலப் பத்திரிகைகளின் ஆசிரியர் குழுவிலும் அதே பள்ளி, அதே ஸ்டீபன்ஸ் கல்லூரி ஆட்களுக்குப் பஞ்சமில்லை.)

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஆக்ஸ்ஃபோர்டின் பணக்கார மாணவர்கள் கூடிக் குடித்து உணவு விடுதிகளை உடைப்பதற்குப் பெயர் பெற்ற புல்லிங்டன் கிளப்பின் 1987-ம் ஆண்டுப் புகைப்படம் 2007-ல் வெளியாயிற்று. வால்கோட்டும் மிடுக்குமாகப் படத்தில் நின்றவர்களில் டேவிட் கேமரூனும் போரிஸ் ஜான்சனும் இருந்தார்கள். சில வாரங்களிலேயே படத்தின் உரிமையை வைத்திருந்த நிறுவனம் அதை வெளியிடுவதற்கான அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பிபிசியின் 'நியூஸ்நைட்' நிகழ்ச்சி என்ன செய்தது தெரியுமா? அந்தப் புகைப்படத்தைப் பார்த்து ஓவியம் வரையச் சொல்லி, ஓவியத்தைக் காட்டியது! கேமரூன் 2010-லும் ஜான்சன் 2019-லும் பிரதமரானார்கள்.

உருப்படியான செய்திகள் எங்கிருந்து வந்தன என்று தேடினால் பெரிய பத்திரிகைகளுக்குக் கொஞ்சம் சங்கடம்தான். 1967 நவம்பரில் யேல் மாணவர்கள் நடத்தும் 'யேல் டெய்லி நியூஸ்' ஒரு விஷயத்தை அம்பலப்படுத்தியது. டெல்டா கப்பா எப்சிலான் என்ற சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களின் முதுகுப்புறத்தில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போடுகிறார்கள் என்பதே அது. அதன் பிறகுதான் நியூயார்க் டைம்ஸ் விழித்துக்கொண்டு நிருபரை அனுப்பியது. சங்கத்தின் முன்னாள் தலைவரான 21 வயது மாணவர், சிகரெட் சுட்ட காயம் அளவுக்குத்தான் இருக்கும் என்று அதனிடம் சமாதானம் சொன்னார். அவர் பெயர் ஜார்ஜ் புஷ். நியூயார்க் டைம்ஸில் அவர் பெயர் இடம்பெற்ற ஆரம்பகாலச் செய்திகளில் இது ஒன்று. 2000-ல் அவர் அதிபர் பதவிக்குப் போட்டியிட்டபோது இது வாலிபக் குறும்பாகவே நினைவுகூரப்பட்டது.

குறும்புதானா? 2004-ல் இராக்கின் அபு கிரைப் சிறையில் கைதிகளை அமெரிக்கச் சிப்பாய்கள் நிர்வாணப்படுத்திக் குவித்த படங்கள் வெளியானபோது, லட்சக்கணக்கானோர் கேட்கும் வானொலியில் ரஷ் லிம்பா சொன்ன சமாதானம், ஸ்கல் அண்ட் போன்ஸ் சடங்கில் நடப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை என்பதே. கல்லூரியில் நடந்தால் விளையாட்டு என்று ஏற்றுக்கொண்ட சமூகத்திடம் அவர் அந்தக் கணக்கையே நீட்டிக் காட்டினார்.

கறுப்பின மக்களின் சங்கங்கள் விஷயத்தில் பத்திரிகைகளின் பிரச்சினை வேறு. அவற்றைப் பற்றி அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. வெள்ளையர் சங்கங்கள் கதவைச் சாத்தியிருந்த காலத்தில் உருவானவை அவை. கமலா ஹாரிஸ் 1986-ல் சேர்ந்த ஆல்பா கப்பா ஆல்பா, 1908-ல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது. 2019 ஜனவரியில் ஒரு நிகழ்ச்சியில் அதன் உறுப்பினர்கள் தங்கள் வழக்கப்படி குரலெழுப்பி ஹாரிஸை வரவேற்றார்கள். தலைநகரின் பெரிய நாளிதழ் ஒன்றின் நிருபர் அதைக் கிறீச்சிடல் என்று எழுதிக் கண்டனத்துக்கு ஆளானார். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சங்கத்தின் பழக்கம், யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. 2020-ல் ஹாரிஸ் துணை அதிபர் வேட்பாளரானதும் 19 டாலர் 8 சென்ட் என்ற விசித்திரமான தொகையில் ஆயிரக்கணக்கான நன்கொடைகள் வந்து குவிந்தபோதுதான் அந்த எண்ணின் பொருள் பலருக்குப் புரிந்தது. 1908.

தமிழ்ப் பத்திரிகைகளான நாம் அப்போது எங்கே இருந்தோம்? திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில், தர்ம சாஸ்தா கோயில் வாசலில், அபிஷேகத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தோம். ஹாரிஸின் தாய்வழித் தாத்தாவின் ஊர் என்பதால் அது செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் 2020-லும் 2024-லும் அவருக்காக வாக்குக் கேட்ட உறவுக்காரர்கள் அந்தச் சங்கத்துச் சகோதரிகளே. அவர்களைப் பற்றித் தமிழில் ஒரு பத்தி படித்த ஞாபகம் எனக்கில்லை.

இந்த உறவு பதவியையும் வாக்கையும் மட்டுமல்ல, சட்டத்தையும் தொடுகிறது. ட்ரென்ட் லாட்டின் கதை அதற்கு நல்ல உதாரணம். மிஸிஸிப்பி மாநிலத்தின் செனட்டர், குடியரசுக் கட்சியின் செனட் தலைவர். 2002 டிசம்பரில், இனப் பாகுபாட்டை ஆதரித்து 1948 அதிபர் தேர்தலில் நின்ற ஸ்ட்ராம் தர்மண்டைப் புகழ்ந்து பேசி மாட்டிக்கொண்டார். அந்தச் சூட்டில் 'டைம்' ஒரு பழைய விஷயத்தை வெளியிட்டது. 1960-களின் தொடக்கத்தில், மாணவராக இருந்த லாட், தனது சிக்மா நூ சங்கத்தில் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று அதன் தேசிய மாநாட்டில் முன்னின்று போராடினார் என்பதே அது. இதை நினைவுகூர்ந்தவர் டாம் ஜான்சன். சிஎன்என்னின் முன்னாள் தலைவர், அதற்கும் முன் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸின் வெளியீட்டாளர். அவரும் சிக்மா நூ சகோதரர்தான்! அமெரிக்காவின் மிகப் பெரிய செய்தி நிறுவனங்கள் இரண்டை நடத்தியவருக்குத் தெரிந்திருந்த ஒரு தகவல் அச்சேற சுமார் நாற்பது ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. அவர் மறைத்தார் என்று நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

லாட் தலைவர் பதவியை விட்டார். சங்கத்தை விடவில்லை. 2015-ல் ஃப்ரட்டர்னிட்டி, சொராரிட்டிக் கூட்டமைப்புகள் நாடாளுமன்றத்தில் ஆதரவு திரட்ட அமர்த்திய ஆட்களில் அவரும் ஒருவர். அவர்கள் ஆதரித்த மசோதா என்ன? பாலியல் தாக்குதலுக்கு ஆளான மாணவி போலீஸுக்குப் போகாதவரை கல்லூரி விசாரணை நடத்தக் கூடாது என்பது. எதிர்ப்பு வலுத்ததும் அந்த ஆண்டு நவம்பரிலேயே கூட்டமைப்புகள் ஆதரவை விலக்கிக்கொண்டன.

இந்தச் சங்கங்களின் நலனுக்காகவே வேட்பாளர்களுக்கு நிதி கொடுக்கும் அமைப்பு ஒன்று 2005 முதல் உண்டு. 'ஃப்ராட்பேக்' என்று அழைக்கிறார்கள். 2011-ல் ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழக இசைக்குழு மாணவர் ஒருவர் ராகிங்கில் அடித்தே கொல்லப்பட்டார். அந்த மாநிலத்தின் உறுப்பினர் ஃப்ரெடரிகா வில்சன், ராகிங் செய்யும் மாணவர்களுக்கு மத்திய அரசின் கல்வி நிதியுதவியை நிறுத்தும் மசோதா கொண்டு வரப்போவதாக 2012-ல் அறிவித்தார். ஃப்ராட்பேக் எதிர்த்தது. மசோதா தாக்கலாகவே இல்லை. இதைத் தோண்டி எடுத்து 2013 ஜூலையில் விரிவாக எழுதியது ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம். மண்டையோடு இல்லை, இருட்டு இல்லை. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எந்த மசோதா எங்கே நின்றது என்ற கணக்கு மட்டுமே. இத்தகைய செய்தியை இன்னும் இரண்டு நாளிதழ்கள் தொடர்ந்து துரத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கத் தோன்றுகிறது. ஏனென்றால் 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 19 வயது மாணவர் ஒருவர், சங்கத்தில் சேர்ந்த இரவில் அளவுக்கு மீறிக் குடிக்க வைக்கப்பட்டு, படிக்கட்டில் விழுந்தார். மறுநாள் காலைவரை யாரும் ஆம்புலன்ஸை அழைக்கவில்லை. மாணவர் இறந்தார்.

அவரைப் போலப் பிள்ளைகளை இழந்த பெற்றோர்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். நியாயமாகச் சொல்ல வேண்டும், 2018-ல் ஃப்ரட்டர்னிட்டிக் கூட்டமைப்புகளே அந்தப் பெற்றோர்களோடு கைகோத்தன. ராகிங்குக்கு எதிரான மத்தியச் சட்டத்தில் அதிபர் ஜோ பைடன் கையெழுத்திட்டது 2024 டிசம்பர் 23-ல். வில்சனின் அறிவிப்பிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள். (அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் 1996-ல் கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. சட்டம் வந்ததும் ராகிங் நின்றுவிடவில்லை என்பதும் நமக்குத் தெரியும்.)

அமெரிக்கச் சட்டம் தண்டனை எதையும் புதிதாக விதிக்கவில்லை. ராகிங் சம்பவங்களின் எண்ணிக்கையைக் கல்லூரிகள் தங்கள் ஆண்டுப் பாதுகாப்பு அறிக்கையில் சேர்க்க வேண்டும், விதிமீறிய அமைப்புகளின் விவரத்தைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்கிறது. 1967-ல் யேல் மாணவர் நிருபர்கள் எழுதியது போன்ற விஷயம் இனி பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்திலேயே, சங்கத்தின் பெயரோடு இருந்தாக வேண்டும்.