ஆறறிவும் ஒரு தவளையும்

நம் மேடைகளில் விஞ்ஞானம் என்ற சொல் எழுந்த மாத்திரத்தே தொல்காப்பியரைத் துணைக்கழைப்பது வழக்கமாகிவிட்டது. மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக அவர் வகுத்தார் என்பது மெய்யே. எறும்பு மூவறிவுயிர், நண்டு நாலறிவுயிர். ஆனால் அப்படி வகுப்பதற்கு முன் யாரோ ஒருவர் நிலத்திற் குனிந்து எறும்பைப் பார்த்திருக்க வேண்டுமே! வகுப்பை மனனஞ் செய்த நாம் அந்தப் பார்வையைக் கைவிட்டோம்.

உயிரினப் பாகுபாட்டைக் கற்றோரிற் சிலரே வெறும் பெயர்சூட்டு வேலையென்று இகழ்கின்றனர். நானும் ஒருகாலத்தில் அவ்வாறு எண்ணியவனே. என் எண்ணத்தை மாற்றியவை நமது மலைநாட்டுச் செடித்தவளைகள்.

இவற்றுக்கு நீரில் நீந்தும் வாற்பேய்ப் பருவம் இல்லை. முட்டைக்குள்ளேயே உருமாறிக் குட்டித் தவளையாக வெளிவருகின்றன. பெரும்பாலானவை ஈரமண்ணில் முட்டையிடுகின்றன. குளமும் ஓடையும் வேண்டியதில்லை. இந்தியாவிலிருந்து வந்த முன்னோரின் வழித்தோன்றல்கள் மலைக்கு மலை பிரிந்து எழுபதுக்கு மேற்பட்ட இனங்களாயின. கூர்ப்பு என்பதைப் புத்தகத்தில் மட்டும் படித்தோர்க்கு இதனினும் நல்ல பாடம் வேறில்லை.

அவற்றுள் இரண்டுக்கு 2007ஆம் ஆண்டிலேதான் பெயர் கிடைத்தது. காட்டிற் பிடித்த தவளைகளுக்கன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சேகரித்து இலண்டன் நூதனசாலையில் வைத்திருந்த உடல்களுக்கு. உயிரோடு தேடியோர்க்கு அவை அகப்படவில்லை. கோப்பிக்கும் தேயிலைக்குமாக மலைக்காடு வெட்டுண்ட நூற்றாண்டு அது. பெயரில்லாத உயிர் அழிந்தால் அழிந்தோர் கணக்கிலும் சேராது. அந்த இரண்டும் அக்கணக்கிற் சேர்வதற்கே நூறாண்டுக்கு மேலாயிற்று!

மறுபுறத்தையும் பாருங்கள். இலங்கையிற் பிறந்த வைத்தியர் கெலார்ட் 1853இல் புள்ளிகள் மின்னும் ஒரு தவளையை விவரித்து எழுதிவைத்தார். பின்னர் அது அழிந்ததாகவே பட்டியலிடப்பட்டது. 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் மீண்டும் அகப்பட்டது. அவருடைய எழுத்து இல்லாதிருந்தால், அகப்பட்டது இன்னதென்று யார் அறிந்திருப்பர்?

பாகுபாட்டியல் படிக்கும் மாணவனிடம் "இதனால் என்ன உத்தியோகம்?" என்று கேட்கும் பெற்றோரை நான் குறைகூறேன், வயிறு முன்னிற்கும். அக்கேள்விக்கு விடையாக ஓர் உத்தியோகத்தைத்தானும் ஏற்படுத்தாத சமூகத்தையே குறைகூறுகிறேன். கெலார்ட்டின் தவளைக்கு இலத்தீனிலே பெயருண்டு. என் கையிலுள்ள தமிழ்ச் சொல்லோ 'தவளை' ஒன்றுதான். கிணற்றடியிற் கத்துவதற்கும் அதுவே.