எல்லாத்திலும் ரெண்டு ரெண்டு போடுங்க!

வீட்டுத் தொட்டியில் மீன் சாவதற்கு வெயில், கரண்ட் கட், கடைக்காரர் கொடுத்த நோஞ்சான் குஞ்சு என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. உண்மையில் பாதிக்கு மேல் கொல்வது ஒரே ஒரு வாக்கியம். "எல்லாத்திலும் ரெண்டு ரெண்டு போடுங்க அண்ணாச்சி!"

மல்லாங்கிணற்றில் ஒரு வீட்டில் மீன் வளர்க்கலாம் என்று முடிவாகிறது. குழந்தை அடம் பிடித்திருக்கும், அல்லது புது வீட்டு ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருக்கும். விருதுநகருக்கோ மதுரைக்கோ பஸ் ஏறுகிறார்கள். ரெண்டடித் தொட்டி, மோட்டார், கலர் கல், பிளாஸ்டிக் செடி, வாயைத் திறந்து திறந்து மூடும் ஒரு பொம்மை. கடைசியாக மீன். கோல்டு ரெண்டு, ஏஞ்சல் ரெண்டு, டைகர் பார்ப் ரெண்டு, ஷார்க் ரெண்டு, அந்தச் சிவப்பு ஃபைட்டர் ஒண்ணு, அழுக்கைத் தின்ன சக்கர் ஒண்ணு. ஆக பத்து உயிர். தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் வாங்குகிற அதே மனசு. சங்குச் சக்கரம் ரெண்டு, புஸ்வாணம் ரெண்டு, கம்பி மத்தாப்பு ஒரு பெட்டி, எல்லாம் கலந்து இருந்தால்தான் பார்க்க நிறைவு.

இந்த மாவட்டத்துக்காரர்கள் இதைச் செய்வதுதான் வேடிக்கை. எது எதோடு சேரக் கூடாது, ஒரு அறைக்குள் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பது வேறு ஊர்களில் பாடப்புத்தகச் சமாச்சாரம். சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் அது அன்றாடப் பேச்சு. குளோரேட்டையும் கந்தகத்தையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது என்பதற்குச் சட்டம் இருக்கிறது, அந்தச் சட்டம் எதற்கு வந்தது என்பது இங்கே டீக்கடையில் நிற்கிறவருக்கும் தெரியும். அவரே வீட்டுக்குப் போய் கோல்டு ஃபிஷ்ஷையும் டைகர் பார்பையும் ஒரே கண்ணாடிப் பெட்டியில் போடுகிறார்.

ரெண்டடித் தொட்டி என்றால் என்ன? 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். கணக்குப் போட்டால் 56 லிட்டர் சொச்சம். கல், பொம்மை, மேலே விட்ட இடம் எல்லாம் போக 45 லிட்டர் தேறினால் அதிகம். அதாவது மூன்று குடம் தண்ணீர். பத்து மீன்கள் அந்த மூன்று குடத்துக்குள்ளேயே தின்று, கழித்து, மூச்சு விட்டு, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு ஆயுள் முழுக்க இருக்க வேண்டும்.

இப்போது அந்தப் பத்துப் பேரும் யார் யார் என்று பார்க்கலாம்.

கோல்டு ஃபிஷ் சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வளர்த்துப் பழக்கிய கெண்டை இனம். குளிர்ந்த தண்ணீர் கேட்கும், 20 டிகிரியை ஒட்டி இருந்தால் சந்தோஷம். சித்திரை வெயிலில் இந்தப் பக்கத்து ஹாலில் இருக்கும் தொட்டியில் 30 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜனும் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். இதில் கோல்டு ஃபிஷ் பெருந்தீனிக்காரன், கழிவும் அப்படியே. ஏஞ்சல் அமேசான்காரன், 27, 28 டிகிரி வெதுவெதுப்பு அதற்குப் பிடிக்கும். ஆக முதல் ரெண்டு ஜோடிக்கே ஒரே தண்ணீர் ஒத்துவராது.

டைகர் பார்ப் கூட்டத்து மீன். எட்டுப் பத்தாக இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடி யார் பெரியவன் என்று முடிவு செய்துகொள்ளும். ரெண்டே ரெண்டாகப் போட்டால் அந்த வம்பையெல்லாம் பக்கத்து வீட்டில் காட்டும். ஏஞ்சலின் நீளமான செட்டைதான் முதல் பலி. அந்த ஏஞ்சலும் சாது இல்லை. வளர்ந்த ஏஞ்சல் வாய்க்குள் அடங்குகிற எதையும் விழுங்கும். நியான் டெட்ராவைக் கூடப் போட்டு, ஒவ்வொன்றாகக் காணாமல் போகிறதே என்று மோட்டாருக்குள் தேடியவர்கள் உண்டு.

ஃபைட்டர் சயாம் தேசத்து மீன், 2019-ல் தாய்லாந்து அரசு அதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. ரெண்டு ஆண் ஃபைட்டரைச் சேர்த்து விடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பெரிய வாலும் பளிச் நிறமும் உள்ள கப்பியைப் பார்த்தாலும் அது போட்டிக்காரன் என்றே நினைத்துக் கிழிக்கும் என்பது பலருக்குத் தெரியாது. டைகர் பார்ப் இருக்கும் இடத்திலோ கதை தலைகீழ், கிழிபடுவது ஃபைட்டரின் வால்.

"ஷார்க்" என்று விற்கப்படுவது சுறாவே அல்ல. மீகாங் ஆற்றின் கெளுத்தி இனம். நம் ஊர் ஹோட்டல்களில் பாசா என்ற பெயரில் ஃபிங்கர் ஃபிஷ்ஷாகத் தட்டுக்கு வருவது பெரும்பாலும் இதுதான். ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. ரெண்டடித் தொட்டியில் ஒரு மீட்டர் மீன்! குஞ்சாக ரெண்டு அங்குலத்தில் விற்கும்போது எந்த அண்ணாச்சியும் இதைச் சொல்வதில்லை. சக்கரும் அப்படித்தான். அரை அடி தாண்டி, ஒரு அடி தாண்டி, சில வகைகள் ஒன்றரை அடி வரை போகும். அது "அழுக்கைத் தின்னும்" என்பது பெரிய புரளி. பாசியைச் சுரண்டும், உண்மைதான். மற்ற மீன்களின் கழிவைத் தின்னாது, தன் பங்குக்குக் கூடுதலாகக் கழித்து வைக்கும்.

இவ்வளவும் மீனுக்கு மீன் உள்ள பகை. இதைவிடப் பெரிய பகை ஒன்றைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. அது மீனுக்கும் தண்ணீருக்கும் உள்ளது.

இந்தப் பக்கத்து போர் தண்ணீரின் யோக்கியதை எல்லாருக்கும் தெரியும். பாத்திரத்தில் வெள்ளை படியும், சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் சுண்ணாம்பு கட்டும். அந்தத் தண்ணீரைத்தான் தொட்டியிலும் ஊற்றுகிறார்கள். அமேசான் காட்டு ஓடைகளின் மழைத்தண்ணீர் போன்ற மென்மையைத் தேடும் நியான் டெட்ராவுக்கு அது தண்டனை. "அப்படியா, கேன் தண்ணீர் ஊத்திடுவோம்" என்று ஒரு கூட்டம். ஆர்.ஓ. தண்ணீரில் தாது உப்பு அநேகமாக இல்லை, பி.ஹெச். நிலையாக நிற்காது, அதில் மோலியைப் போட்டால் அது சுருண்டு போகும்.

பி.ஹெச். விஷயத்தைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும். மீன் கழிவில் இருந்து வருவது அம்மோனியா. தண்ணீரின் பி.ஹெச். 7-ல் இருந்து 8-க்கு ஏறினால் அந்த அம்மோனியாவில் நஞ்சாக இருக்கும் பகுதி ஏறக்குறைய பத்து மடங்கு ஆகிறது. சூடு ஏறினாலும் அது கூடும். காரத்தன்மையுள்ள போர் தண்ணீர், கோடை வெயில், பத்து மீன் என்று மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு விஞ்ஞானி தேவையில்லை. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லிலும் ஃபில்டரிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நம் ஆட்கள் தொட்டி வாங்கிய அன்றைக்கே பத்தையும் விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் முழுத் தண்ணீரையும் கொட்டி, கல்லைத் தேய்த்துக் கழுவி, அரும்பிய பாக்டீரியாவையும் வாசலில் ஊற்றுகிறார்கள். இதற்குப் பெயர் சுத்தம்!

ரெண்டாவது வாரம் ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்கும். அப்போதுதான் இந்த வியாபாரத்தின் மிகச் சிறந்த விற்பனைப் பிரதிநிதி வீட்டுக்குள் இருந்தே பேசுகிறார். "மீன் செத்தா நல்லதுடா, நமக்கு வர இருந்தது அதோட போச்சு." கண் திருஷ்டி கழிந்ததாம். பாட்டி சொல்கிறார், அம்மா தலையாட்டுகிறார், அப்பா அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி பஸ் ஏறுகிறார். பொருள் கெட்டுப்போனதற்கு வாடிக்கையாளரே நன்றி சொல்லி மறுபடி காசு கொடுக்கும் தொழில் உலகத்தில் வேறு உண்டா என்று வணிகவியல் படிக்கிறவர்கள் யோசித்துப் பார்க்கலாம். அழுதுகொண்டிருந்த குழந்தை அன்றைக்குக் கற்றுக்கொள்வது என்ன? கவனிக்காமல் விட்டு ஒரு உயிர் போனால் அதற்கு ஒரு நல்ல காரணம் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்பதை.

கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. அவரிடம் இருப்பது சரக்கு. "கோல்டையும் ஏஞ்சலையும் சேர்க்காதீங்க" என்று அவர் சொன்னால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போகிறார். சட்டமும் ஒரு முறை எட்டிப் பார்த்தது. 2017 மே மாதம் மத்திய அரசு மீன் கடைகளுக்கான விதிகளை வெளியிட்டது. கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வைக்கக் கூடாது என்றது, 158 வகைகளுக்குத் தடை என்றது. சென்னை கொளத்தூரில் வண்ண மீனை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம், எதிர்ப்பு கிளம்பியது. பின்னர் விதிகள் திரும்பப் பெறப்பட்டன. அவை இருந்திருந்தாலும் மல்லாங்கிணற்றில் ஒரு ஹாலுக்குள் வந்து எந்த இன்ஸ்பெக்டரும் டைகர் பார்பை எண்ணிக்கொண்டிருக்கப் போவதில்லை.

"அதெல்லாம் சும்மா. எங்க வீட்டுல மூணு வருஷமா கோல்டும் ஏஞ்சலும் ஒண்ணாத்தான் இருக்கு" என்று ஒருவர் வருவார். கட்டாயம் வருவார். கோல்டு ஃபிஷ்ஷுக்குப் பத்து வருடம் சாதாரண ஆயுள். இங்கிலாந்தில் டிஷ் என்ற கோல்டு ஃபிஷ் 43 வருடம் இருந்து 1999-ல் செத்தது. மூன்று வருடம் என்பது சாதனை அல்ல, பாதி வழி கூட இல்லை. அதுவும் கட்டை விரல் அளவிலேயே நின்றுபோன மீனைக் காட்டி "நல்லாத்தானே இருக்கு" என்பது, சோறு போடாமல் குச்சியாக வைத்த பிள்ளையை "ஸ்லிம்மா இருக்கான்" என்று சொல்வது மாதிரி.

சரி, சாகாமல் வளர்ந்துவிட்டால்? அங்கேதான் விஷயம் வீட்டைத் தாண்டி ஊருக்குப் போகிறது. தொட்டி கொள்ளாத சக்கரை "பாவம், உயிரோடவாவது இருக்கட்டும்" என்று கண்மாயில் விடுகிறார்கள். தென் அமெரிக்க மீன் அது. உடம்பு முழுக்க ஓடு, செட்டையில் முள். கொக்கு விழுங்கத் திணறும், வலையில் சிக்கினால் வலை கிழியும். ஆந்திராவில் மீனவர்கள் இதைப் பேய் மீன் என்றே அழைக்கிறார்கள். காற்றையே விழுங்கி மூச்சு விடும் என்பதால் தண்ணீர் வற்றினாலும் சேற்று வளைக்குள் தாக்குப்பிடிக்கும். முட்டையிடக் கரையில் வளை தோண்டும். மழை பெய்தால் நிறைந்து, கோடையில் வற்றி, மண் கரையை மட்டுமே நம்பி நிற்கும் கண்மாய்களுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத விருந்தாளி கிடையாது.

அப்படியானால் மூன்று குடம் தண்ணீரில் எதைத்தான் வைப்பது? நிறத்தில் இருந்து ஆரம்பிக்காமல் குழாயில் இருந்து ஆரம்பித்தால் பதில் சுலபமாக வருகிறது. கப்பி, மோலி, பிளாட்டி மூன்றும் கடினத் தண்ணீரைத் தாங்கும், தாங்கும் என்ன, விரும்பும். மோலி கடலோர உப்புத் தண்ணீர் வரைக்கும் போய் வாழ்கிற மீன். ஆனால் கொஞ்சம் பெரிதாகும், ரெண்டடிக்கு இறுக்கம். ஆகவே கப்பி. அதிலும் ஆண் மட்டும் எட்டு. நிறமும் வாலும் ஆணுக்குத்தான், பெண் சாம்பல் நிறம். ஒரு நிறமாக வேண்டாம் என்றால் எட்டும் எட்டு நிறத்தில் கிடைக்கும், கிஃப்ட் பாக்ஸ் ஆசையும் தீரும். தண்ணீர் பழகும் வரை முதலில் மூன்று, ஒரு மாதம் கழித்து மற்றவை. வாரம் ஒரு முறை அரைக் குடம் எடுத்து அரைக் குடம் ஊற்றினால் போதும்.

அடியில் ஏதாவது ஓட வேண்டும் என்றால் சக்கர் வேண்டாம், அயிரை இருக்கிறது. சிரிக்க வேண்டாம். உயிரோடு வாங்கி, மண்ணைக் கக்க வைத்து, குழம்பு வைக்கும் அதே அயிரைதான். விரல் நீளத்துக்கு மேல் போகாது, யாரையும் கடிக்காது, மணலுக்குள் புதைந்து தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும். அதன் அறிவியல் பெயரிலேயே "தெர்மாலிஸ்" என்று சூடு இருக்கிறது, நம் வெயில் அதற்குப் புதிதல்ல. கலர் கல்லுக்குப் பதில் கழுவிய ஆற்று மணல் போட்டு நாலு அயிரையை விட்டால் போதும். ஆயிரம் ரூபாய் மீனை வாங்கும் வீடுகள் இதை வாங்காததற்கு ஒரே காரணம், வருகிறவர்கள் "இது குழம்பு மீனாச்சே" என்று கேட்டுவிடுவார்களே என்பதுதான்.

ஜோடியாகத்தான் வேண்டும் என்று பெண் கப்பியையும் வாங்குகிறவர்கள் ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். அது மாதத்துக்கு ஒரு முறை இருபது முப்பது குஞ்சு போடும். மூன்றாம் மாதம் அந்த மூன்று குடமும் கொள்ளாது. அக்கம்பக்கத்தில் கேட்கிறவர்களுக்கு ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கலாம், கடைக்காரரே திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கேட்கலாம். கண்மாய் அதற்கும் இடமில்லை, கப்பியும் வெளிநாட்டு மீன்தான்.