திரும்பி வராத சரக்கு

2023ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், பிரிட்டனின் பெரிய பல்பொருள் அங்காடிகள் எல்ஃப் பார் 600 என்னும், ஒருமுறை உபயோகித்து எறியும் மின்சிகரெட்டைத் தங்கள் கடைகளிலிருந்து அகற்றின. அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் 2 மில்லிலிட்டருக்கு மேல் நிகோடின் திரவம் அதில் இருந்ததைப் பத்திரிகை ஒன்று பரிசோதித்து வெளிப்படுத்தியதே காரணம். அதே மாதம் 24ஆம் தேதி நம் மலேசிய மக்களவையில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், இத்தகைய திரவத்துக்கு வரி விதிக்கப்படும் என்றும், அந்த வருமானத்தில் பாதி சுகாதார அமைச்சுக்குப் போய்ச் சேரும் என்றும் அறிவித்தது. மார்ச் 31இல், 1952ஆம் வருஷத்து நச்சுப்பொருள் சட்டத்தின் பட்டியலிலிருந்து திரவ நிகோடின் நீக்கப்பட்டது. மறுநாள் முதல் மில்லிலிட்டருக்கு 40 சென் வரி. பதினெட்டு வயது நிரம்பாதோருக்கு அதை விற்கலாகாது என்னும் 852ஆம் சட்டமோ 2024 அக்டோபர் 1இல்தான் அமலுக்கு வந்தது.

இடையில் கழிந்தவை 18 மாதங்கள். அளவு விதிக்கப்பட்டிருந்தால்தானே அதை மீறிய சரக்கைத் திரும்பப் பெற முடியும்? நஞ்சென்னும் பெயரையே நீக்கிவிட்ட பிறகு எதைக் குற்றமென்று காட்டி எந்தக் கடைக்காரரைக் கேட்பது?

கெடுதல் தரும் சரக்கின் வருமானத்தை மக்கள் நலனுக்கு ஒதுக்கும் இந்த ஏற்பாடு, ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் புதிதன்று. தோட்டத்துக் கள்ளுக்கடையின் லாபம் தொழிலாளர் நலனுக்கே செலவாகிறது என்ற சமாதானத்தை அக்காலத்துத் துரைமார்களும் சொன்னார்கள். அந்தச் சமாதானத்தை ஏற்காமல்தான் 1947இல் கெடாவின் பீடோங் அருகே ஹார்வார்ட் தோட்டத்து ஜனங்கள் கள்ளுக்கடைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். பேராக்கின் சுங்கை சிப்புட்டிலும் செம்மோரிலும் லயங்களை விட்டுத் தாமான்களில் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் கையில் இன்று மாம்பழ வாசனையோடு அதே வியாபாரம் வந்து நிற்பதைக் காண மனம் பொறுக்கவில்லை.

அந்த மின்சிகரெட்டைச் சற்று உற்றுப் பார்த்தால், திரும்பப் பெறுதல் என்பதே இதில் எவ்வளவு அரிது என்பது விளங்கும். விரலளவு பிளாஸ்டிக் குழலுக்குள் திரவத்தில் ஊறிய பஞ்சு, அதைச் சூடாக்கும் கம்பிச் சுருள், ஒரு லித்தியம் மின்கலம். திறந்து பார்க்க வழியில்லாதபடி மூடப்பட்டிருப்பதால், உள்ளே இருப்பது எவ்வளவு என்பதை வாங்குபவன் அறியான், பெரும்பாலும் விற்பவனும் அறியான். தயாரிப்புத் தொகுதி எண் அச்சிட்ட அட்டைப்பெட்டி கடைவாசலிலேயே எறியப்படுகிறது. சில தினங்களில் குழலும் சாக்கடைக்குப் போகிறது. அபாய அறிவிப்பு வெளிவரும் வேளையில் நஞ்சு பிள்ளையின் உடம்பில் சேர்ந்திருக்கும். திருப்பிக் கொடுக்கச் சரக்கு இராது. குளிர்சாதனப் பெட்டியைத் திரும்பப் பெறும் முறை இதற்குப் பொருந்தவே பொருந்தாது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

பிரிட்டனோ 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை உபயோகத்து மின்சிகரெட்டின் விற்பனையையே தடை செய்துவிட்டது. பேராக் மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள், கட்சி பேதம் பாராமல், அத்தகைய தடையை இந்நாடு முழுவதற்கும் மக்களவையில் கோர வேண்டும். வரி வருமானம் குறையுமே என்ற தயக்கத்துக்கு இந்த விஷயத்தில் இடமளிக்கலாகாது.